நாடி பிடிக்க வரும் முதலாளிகள்!

கைக்கடிகாரக் கம்பெனிகளுக்கு ஜனங்களின் இதயத்தின் மீது திடீரென்று பாசம் பொங்கத் தொடங்கியிருக்கிறது. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள், இரவும் பகலும் உங்கள் நாடியைப் பார்த்துக்கொள்கிறோம் என்று விளம்பரத்துக்கு மேல் விளம்பரம் செய்கிறார்கள். கூலியை உயர்த்து என்று கேட்டால் கல்லாகிவிடும் இந்த நெஞ்சங்கள், நம் நெஞ்சுக்காக இப்படி உருகுவானேன்? கொஞ்சம் நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம்.

மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவே நெடுஞ்சாலையில் இருக்கிறது கொட்டாம்பட்டி. அங்கேயும் செல்போன் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இந்தக் கடிகாரம் வந்து உட்கார்ந்துவிட்டது. விலை ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய். திருப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய வாலிபர்கள் கையில் அது இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் பச்சை வெளிச்சம் கண் சிமிட்டுகிறது.

சமீபத்தில் அங்கே கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு வாலிபத் தோழர் தம் கடிகாரத்தைக் கழற்றி, வயல் வேலை செய்யும் ஒரு மூதாட்டியின் கையில் கட்டிவிட்டார். எண் ஒன்று வந்தது. “அப்பத்தா, உங்க நாடி நிமிஷத்துக்குத் தொண்ணூத்தாறு” என்றார். அந்த அம்மாள் சிரித்துவிட்டுச் சொன்னார்: “ஏம்ப்பா, வெயில்ல நின்னா நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு ஒரு கடிகாரம் வேணுமாக்கும்? உக்கார ஒரு நெழலு கெடைக்குமான்னு கேட்டுச் சொல்லு!”

ஆயிரம் விளம்பரங்களுக்கும் இந்த ஒரு கேள்வி பதில் சொல்லிவிடுகிறது. நாடியை எண்ணுவது யாருக்காக? எண்ணிய பிறகு அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள்? விவகாரம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

வெளிச்சத்தோடு நமக்குச் சண்டை இல்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். விஞ்ஞானத்தோடு நமக்கு விரோதமில்லை. விஞ்ஞானம் மனித குலத்தின் உழைப்பில் விளைந்த பொதுச் சொத்து.

இந்தக் கடிகாரத்தின் சூட்சுமம் எளிமையானது. பச்சை வெளிச்சம் தோலுக்குள் புகுகிறது. ரத்தம் பச்சை வெளிச்சத்தை நன்றாக விழுங்கும். ரத்தம் சிவப்பாகத் தெரிவதற்கே அதுதான் காரணம். இதயம் ஒருமுறை துடிக்கும்போது மணிக்கட்டுக்கு ரத்தம் கூடுதலாக வருகிறது. விழுங்கப்படும் வெளிச்சமும் கூடுகிறது. திரும்பி வருவது குறைகிறது. அடுத்த கணம் ரத்தம் வடிகிறது. திரும்பி வரும் வெளிச்சம் கூடுகிறது. வெளிச்சத்தை அளக்கும் ஒரு சிறு உறுப்பு இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணிக்கொண்டே இருக்கிறது. அதுதான் திரையில் வரும் நாடி எண்.

இது கடிகாரக் கம்பெனிகளின் மூளையில் உதித்த அதிசயம் என்று நினைத்துவிடாதீர்கள். விளக்கையும் ஒளிமின் கலத்தையும் கொண்டு தோலுக்கு அடியில் ரத்தம் ஏறி இறங்குவதை அளக்கும் முறையை அமெரிக்க விஞ்ஞானி ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் 1937-38-லேயே விளக்கி எழுதிவிட்டார். சிவப்பு வெளிச்சத்தையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தையும் ஒப்பிட்டு, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று கணக்கிடும் வழியை ஜப்பானிய எஞ்ஜினியர் தகுவோ அயோயாகி 1974-இல் கண்டார். கொரோனா நாட்களில் நம் விரல் நுனியில் மாட்டினார்களே, அந்தக் கருவியின் பூர்வீகம் இதுதான்.

இதனால் நன்மையே இல்லை என்றும் நாம் சொல்ல மாட்டோம். அமெரிக்காவில் 4 லட்சத்து 19 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கடிகாரத்தின் மூலம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ஆராய்ச்சி 2019-இல் வெளிவந்தது. அதில் நூற்றுக்கு அரைப் பேருக்குத்தான் “நாடி ஒழுங்காக இல்லை” என்ற எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கை வந்து, பிறகு மார்பில் பட்டை ஒட்டிச் சோதித்துக்கொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மெய்யாகவே இதயத் துடிப்பில் கோளாறு தெரிந்தது. உயிரைக் காக்கக்கூடிய தகவல் இது. மறுப்பதற்கில்லை.

உழைக்கும் கையில் கட்டினால்?

ஆனால் விளம்பரத்தில் வருபவர் யார்? பூங்காவில் ஓடுபவர், மெத்தையில் உறங்குபவர். மண்வெட்டி பிடித்தவரையும், தென்னந்தோப்பில் காய் சுமப்பவரையும், கட்டடத்தில் சாந்துச் சட்டி தூக்கும் சித்தாளையும் அந்த விளம்பரத்தில் பார்த்திருக்கிறீர்களா?

உழைக்கும் கையில் இந்தக் கருவி தடுமாறுகிறது. கை அசைந்தால் கடிகாரம் அசையும். உள்ளே வெளிச்சமும் அசையும். வார் தளர்ந்தாலும், வியர்வை வழிந்தாலும் கணக்கு பிசகும். கை ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால், அந்தத் தாளத்தையே நாடி என்று எடுத்துக்கொள்ளவும் கூடும். சம்மட்டி அடியை இதயத்தின் அடி என்று எண்ணினால் அந்தக் கணக்கு என்ன கணக்கு? ட்யூக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் பல கடிகாரங்களைச் சோதித்தார்கள். சும்மா இருக்கும்போது வரும் பிழையைவிட அசையும்போது வரும் பிழை சராசரியாக 30 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். மலிவுச் சரக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாழைப்பழத்தில் கட்டினாலும் நாடி எண் காட்டும் கடிகாரங்கள் உண்டு!

தோல் நிறத்தின் விஷயமும் இருக்கிறது. கறுத்த தோல் வெளிச்சத்தைக் கூடுதலாக விழுங்கும். கடிகாரத்தின் நாடிக் கணக்கில் நிறத்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ட்யூக் ஆராய்ச்சி சொன்னது. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டும் பிராணவாயுக் கருவியின் கதை வேறு. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பாருங்கள். மெய்யாகவே பிராணவாயு குறைந்திருந்தும் கருவி “பரவாயில்லை” என்று காட்டிய தவறு, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பு நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். யாரை மனத்தில் வைத்துக் கருவி செய்கிறார்களோ அவருக்கே அது சரியாக வேலை செய்கிறது. வெயிலில் கறுத்த தோலை மனத்தில் வைத்துச் செய்தவர் யார்?

வெளிச்சத்துக்கும் பட்டா

ஏகபோக முதலாளிகள் இந்த வெளிச்சத்தை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ரத்தத்தில் பிராணவாயுவை அளக்கும் முறை யாருடையது என்று ஆப்பிள் கம்பெனியும் மாசிமோ கம்பெனியும் அமெரிக்காவில் வழக்காடின. 2023 அக்டோபரில் சர்வதேச வர்த்தக ஆணையம் மாசிமோ பக்கம் தீர்ப்புச் சொன்னது. விளைவு? 2024 ஜனவரியிலிருந்து அங்கே விற்ற புதுக் கடிகாரங்களில் அந்த வசதியையே ஆப்பிள் அணைத்துவிட்டது. கணக்கிடும் வழியை மாற்றி 2025 ஆகஸ்டில்தான் திரும்பத் தந்தது. கடிகாரம் கையில் இருக்கிறது. உள்ளே கருவியும் இருக்கிறது. ஆனால் இரண்டு முதலாளிகளின் சொத்துத் தகராறு தீரும்வரை அது கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும்! நோயாளிக்கு அந்தச் சண்டையில் என்ன பங்கு?

கூகுள் கம்பெனி ஃபிட்பிட் என்ற கடிகாரக் கம்பெனியை வாங்குவதாக 2019-இல் அறிவித்து, 2021 ஜனவரியில் வாங்கி முடித்தது. விலை சுமார் 210 கோடி டாலர். வெறும் வாருக்கும் கண்ணாடிக்குமா இந்த விலை? லட்சோபலட்சம் பேர் எப்போது தூங்கினார்கள், எப்போது நடந்தார்கள், எப்போது நெஞ்சு படபடத்தது என்ற கணக்குக்கு அதில் பங்கில்லையா?

நம் நாட்டுக் கதையும் மறக்கக்கூடியதல்ல. 2021 கோடையில் கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது, விரலில் மாட்டும் பிராணவாயுக் கருவிக்கு ஊர் ஊராக அலைந்தோம். அலை வடிந்த பிறகு, ஜூலையில்தான், மத்திய சர்க்காரின் விலை ஆணையம் கண் விழித்தது. இந்தக் கருவி உட்பட ஐந்து மருத்துவச் சாதனங்களுக்கு வியாபார லாபம் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதுவரை லாபம் எவ்வளவு இருந்தது? 709 சதவீதம் வரை என்று சர்க்காரே ஒப்புக்கொண்டது. ஜனங்கள் மூச்சுக்குத் தவித்தபோது அதே வெளிச்சத்தை வைத்துக் கொள்ளை! பிறகு வந்த 70 சதவீத வரம்புகூடத் தர்மமாம்!

கடிகாரமா, கண்காணியா?

விலை கொடுத்து வாங்குபவன் கதை இது. விலை கொடுக்காமலே கையில் மாட்டப்படுபவர்களின் கதை இதைவிடக் கொடியது.

நாகபுரியிலும் சண்டிகரிலும் பஞ்ச்குலாவிலும் நகரசபைகள் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் கடிகாரம் கட்டின. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். எங்கே நிற்கிறார், எப்போது நகர்ந்தார் என்று கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. இதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? “மனிதத் திறன் கண்காணிப்பு முறை”! கையுறை கொடுக்கக் காசில்லை, காலணி கொடுக்கக் காசில்லை. கடிகாரத்துக்கு மட்டும் கஜானா திறக்கிறது. ஒதுங்கும் இடத்துக்குப் போவதற்கும் பெண்கள் அஞ்சினார்கள். சண்டிகர்த் தொழிலாளர்கள் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள். நகரசபை மேலதிகாரியின் கையில் யாரும் இந்தக் கடிகாரத்தைக் கட்டியதாக நாம் கேள்விப்படவில்லை.

அவை இடத்தைப் பார்க்கும் கடிகாரங்கள். நாடியைப் பார்ப்பவை அல்ல என்று யாராவது சொல்லலாம். மெய்தான். ஆனால் ஆயிரம் ரூபாய்க் கடிகாரத்திலேயே நாடி பார்க்கும் வெளிச்சம் வந்துவிட்ட காலத்தில், இடத்தைப் பார்ப்பவன் நாடியைப் பார்ப்பதற்கு எவ்வளவு தூரம்? கையில் கட்டும் உரிமையை ஒருமுறை விட்டுக்கொடுத்துவிட்டால், உள்ளே எதை வைப்பது என்பதை அவனே தீர்மானிப்பான்.

நம் கிராமத்து ஜனங்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. நூறு நாள் வேலையில், 2021-இல் ஒரு செல்போன் செயலியைக் கொண்டுவந்தார்கள். 2023 ஜனவரி முதல் எல்லா வேலைத்தளத்திலும் கட்டாயமாக்கினார்கள். காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். சிக்னல் இல்லையா, படம் ஏறவில்லையா, உழைத்த உழைப்புக்கு ஆஜர் இல்லை! கடைசியில் 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே தூக்கிவிட்டு வேறு சட்டம் போட்டார்கள்.

ரயில்வேயைப் பாருங்கள். வாராந்தர ஓய்வு 46 மணி நேரம் வேண்டும், தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் வேலை வாங்காதே என்று தெற்கு ரயில்வேயின் எஞ்ஜின் டிரைவர்கள் 2024 ஜூனில் போராடினார்கள். அதற்கு முந்தைய வருஷம் நிர்வாகம் எதில் ஈடுபட்டிருந்தது? டிரைவர் கண் இமைப்பதைப் பார்த்து, தூங்குகிறாரா என்று சொல்லும் கருவி செய்வதில்! தூக்கம் வருகிறது என்று தொழிலாளி வாயால் சொன்னால் காதில் விழவில்லை; கருவி சொன்னால்தான் விழுமாம்.

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

“விருப்பமிருந்தால் கட்டிக்கொள்ளலாம், கட்டாயமில்லை” என்பது முதல் சமாதானம். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா ஆசிரியர்களிடம் இப்படித்தான் சொன்னார்கள். உடற்பயிற்சிக் கணக்கை ஒரு செயலியில் பதிய வேண்டும். பதியாதவர்கள் மருத்துவ இன்ஷூரன்ஸுக்கு மாதம் 25 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். விருப்பமாம்! அபராதத்தோடு கூடிய விருப்பம்! ஆசிரியர்கள் கொதித்தார்கள், திட்டம் வாபஸானது. அதோடும் கொதிப்பு அடங்கவில்லை. 2018 பிப்ரவரி 22-இல் 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்பது பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் நடத்தி, ராஜ்ய ஊழியர் அனைவருக்கும் 5 சதவீதச் சம்பள உயர்வு வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள். அமெரிக்க ஆசிரியருக்கே “விருப்பம்” இப்படியென்றால், மேஸ்திரி பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் நாளைக்கு வேலை என்று நிற்கும் நம் சித்தாளுக்கு விருப்பம் ஏது?

“சட்டம் பாதுகாக்கும்” என்பது இரண்டாவது. எந்தச் சட்டம்? 2023-இல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். வேலை சம்பந்தமான காரியங்களுக்காகவும், முதலாளிக்கு நஷ்டமோ பொறுப்போ வராமல் காப்பதற்காகவும் தொழிலாளியின் தகவலை அவர் சம்மதம் இல்லாமலே கையாளலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நாடித் துடிப்பும் “வேலை சம்பந்தமானது” என்று வாதிட ஒரு வக்கீல் கிடைக்க மாட்டாரா? வீட்டுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் திருடனிடம் கொடுத்தது போன்ற சட்டம் இது!

“நேர்மையாக உழைப்பவனுக்கு என்ன பயம்?” என்பது மூன்றாவது. நாடி ஏன் ஏறியது என்று எண் சொல்லாது. வெயிலால் ஏறும், காய்ச்சலால் ஏறும், கர்ப்பத்தால் ஏறும், வட்டிக்காரன் வாசலில் வந்து நின்ற நினைப்பாலும் ஏறும். காரணத்தைச் சொல்லப் போவது யார்? மேற்பார்வையாளர். இறங்கியிருந்தால் “சோம்பேறி” என்பார். ஏறியிருந்தால் “உடம்பு தாங்காது, நாளைக்கு வராதே” என்பார். இரண்டிலும் போவது நம் கூலிதான்.

கடைசியாக, “கம்யூனிஸ்டுகள் முன்னேற்றத்துக்கு எதிரிகள்” என்பார்கள். யந்திரம் வேறு, அதை மூலதனம் பயன்படுத்தும் விதம் வேறு. தொழிலாளி வர்க்கம் அனுபவத்தில் இதைப் பிரித்தறியக் கற்றது என்று 1867-லேயே மார்க்ஸ் விளக்கிவிட்டார். கடிகாரத்தின் சரித்திரமே இதற்குச் சாட்சி. ஒரு காலத்தில் நேரம் முதலாளியின் ஆயுதமாக இருந்தது. ஆலைச் சங்கு ஊதினால் ஓட வேண்டும். அந்தக் கடிகாரத்தையே தொழிலாளி தன் ஆயுதமாக்கினான். எட்டு மணி நேரத்துக்கு மேல் முடியாது என்றான்! 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மேதினக் கொடியை ஏற்றியது அந்தப் போராட்டத்தின் பெயரால்தான். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதாவை நிறைவேற்றினார்கள், தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, அந்த மேதினத்தன்றே அது வாபஸ் பெறப்பட்டது. நேரத்தைக் கைப்பற்றியவர்கள் நாடியை விட்டுக்கொடுப்பார்களா?

நாம் கேட்பது என்ன?

நாடி எண் தொழிலாளியின் கையில் இருந்தால் அது சாட்சியாகும். இந்த வெயிலில் இனி உழைத்தால் உயிருக்கு ஆபத்து என்று நிரூபிக்கும் சாட்சி. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களை ஆராய்ந்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரண்டு மடங்கு! தமிழ்நாட்டு சர்க்கார் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு நான்கு லட்சம் என்றது. செத்த பிறகு நான்கு லட்சம். உயிரோடு இருக்கும்போது ஒரு பானைத் தண்ணீரும் ஒரு கொட்டகையும் யார் தருவது? அந்த மூதாட்டி கேட்டது இதைத்தான்.

ஆகவே நாம் கோருகிறோம்:

எந்தத் தொழிலாளியின் உடம்பிலும் கண்காணிக்கும் கருவியைக் கட்டாயமாகக் கட்டக் கூடாது. மறுத்தவரின் கூலியிலோ வேலையிலோ கை வைக்கக் கூடாது.

உடம்பின் கணக்கு தொழிலாளிக்கும் அவர் மருத்துவருக்கும் மட்டுமே சொந்தம். முதலாளிக்கும் காண்டிராக்டருக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அதில் உரிமை இல்லை. சட்டத்தின் 7-ஆம் பிரிவில் முதலாளிக்குத் திறந்த கதவை அடைக்க வேண்டும்.

வேலைத்தளத்தில் எந்தப் புதுக் கருவி வந்தாலும் முதலில் தொழிற்சங்கத்தின் சம்மதம் பெற வேண்டும்.

வெயில் நேரத்தில் கூலியோடு ஓய்வு, நிழல், குடிநீர் ஆகியவற்றைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும்.

நாடியும் பிராணவாயுவும் பார்க்கும் கருவிகளைப் பொதுத்துறையில் செய்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கச் செய்ய வேண்டும். ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் ஒத்துழைப்போடு 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது நம் எச்.எம்.டி. அந்தக் கடிகாரப் பிரிவை 2016-இல் மூடியது மத்திய சர்க்கார். செய்யும் கைகள் நம்மிடம் இருந்தன. மூடும் மனம் ஆட்சியாளர்களிடம் இருந்தது!

சங்கம் இல்லாத இடத்தில் இந்தக் கோரிக்கைகள் வெறும் காகிதமே. நாடி பார்க்கும் கடிகாரத்தை உலகமெங்கும் விற்கும் சாம்சங் கம்பெனி, சுங்குவார்சத்திரத்தில் தன் தொழிலாளர்களின் சங்கத்தை அங்கீகரிக்க மறுத்தது. 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கி 37 நாட்கள் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. வாடிக்கையாளரின் இதயத் துடிப்பு கேட்கும் கம்பெனிக்குத் தன் தொழிலாளியின் குரல் கேட்க 37 நாள் வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது!

மேலூர் வட்டாரத்து ஜனங்களுக்கு நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நாயக்கர்பட்டியிலும் அரிட்டாபட்டியிலும் நம் மண்ணுக்கு அடியில் இருக்கும் டங்ஸ்டன் வேண்டும் என்று வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்கு 2024 நவம்பரில் ஏலத்தில் தூக்கிக் கொடுத்தார்கள். ஆணும் பெண்ணும் கிழவரும் குழந்தையும் மதுரையை நோக்கி நடந்தார்கள். 2025 ஜனவரி 23-இல் மத்திய சர்க்கார் அந்த ஏலத்தை ரத்து செய்தது. மண்ணுக்கு அடியில் இருப்பதை விட்டுக்கொடுக்காத ஜனங்கள், தோலுக்கு அடியில் ஓடுவதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

தோழர்களே! கடிகாரத்தை உடைக்க வேண்டாம். அதன் கணக்கு யார் கையில் என்று கேளுங்கள். கொட்டாம்பட்டியின் வேலைத்தளம் ஒவ்வொன்றிலும் கேளுங்கள்; சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். நாடி நம்முடையது, அதன் கணக்கும் நம்முடையதாகட்டும்!